பறிமுதல் பணத்துக்கு ஒரு கணக்கு வேண்டும்

வேலூர் வட்டாரத்துக்குப் ‘பறிமுதல்’ என்ற சொல் புதிதல்ல. 2019 ஏப்ரலில் சிமெண்ட் கிடங்கு ஒன்றில் ரூ.11 கோடிக்கும் மேற்பட்ட ரொக்கம் பிடிபட்டதைத் தொடர்ந்து வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்து செய்யப்பட்டது. பண விநியோகப் புகாரால் ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டில் அதுவே முதல் முறை. 2022 செப்டம்பர் இறுதியில் பள்ளிகொண்டா அருகே காரிலிருந்து லாரிக்கு மாற்றப்பட்டுக்கொண்டிருந்த ரூ.14.70 கோடி ரொக்கத்தைக் காவல் துறை கைப்பற்றியது. காட்பாடி ரயில் நிலையத்தில் வடக்கிலிருந்து வரும் விரைவு ரயில்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் கஞ்சாப் பைகளை ரயில்வே பாதுகாப்புப் படையினர் எடுத்துவரும் செய்தி, மாவட்டப் பக்கத்தில் ஏறக்குறைய வாடிக்கையாகிவிட்டது.

இச்செய்திகள் அனைத்தும் ஒரு தொகையோடு முடிகின்றன. இத்தனை கிலோ, இத்தனை லட்சம், இத்தனை வாகனங்கள், இத்தனை வங்கிக் கணக்குகள் முடக்கம் என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. அதன்பின் அந்தப் பணம் என்ன ஆயிற்று, எந்தக் கணக்கில் சேர்ந்தது, யார் எதற்காகச் செலவிட்டார்கள் என்ற தொடர்ச்சியை நாம் படிப்பதில்லை. தேர்தல் பணத்துக்கும் கணக்கில் வராத ரொக்கத்துக்கும் வெவ்வேறு சட்டங்கள் உள்ளன. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். போதைப்பொருள் குற்றத்தின் வழியே ஈட்டப்பட்டு, அரசின் கைக்கு வரும் பணத்தைப் பற்றி மட்டும் இக்கட்டுரை பேசுகிறது.

எரிவதும் எஞ்சுவதும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘பல கோடி ரூபாய் மதிப்புள்ள கஞ்சா பறிமுதல்’ என்று படிக்கும்போது, அரசுக்கு அத்தனை கோடி வருமானம் வந்ததுபோல ஒரு தோற்றம் ஏற்படுகிறது. அந்தக் கஞ்சாவால் ஒரு ரூபாயும் வருவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி, நீதித்துறை நடுவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, எடையையும் விவரங்களையும் சான்றளிக்கச் செய்த பின் அது அழிக்கப்பட வேண்டும். கிடங்குகளில் தேங்கும் சரக்கு திருட்டுப்போய் மீண்டும் சந்தைக்கே திரும்பும் அபாயத்தைக் கருதி, 2016-இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கான நடைமுறையைக் கடுமையாக்கியது. தமிழகத்தில் கைப்பற்றப்படும் கஞ்சாவின் பெரும் பகுதி செங்கல்பட்டு மாவட்டம் தென்மேல்பாக்கத்தில் உள்ள எரிப்பு ஆலையில் சாம்பலாவதைச் செய்திகளில் பார்த்திருப்போம்.

சரக்கு எரிந்த பின் எஞ்சுவதுதான் நம் கேள்விக்கு உரியது. விற்ற பணம், கடத்தப் பயன்பட்ட வாகனம், வியாபாரத்தின் லாபத்தில் வாங்கிய வீடு, மனை, நகை, வங்கி இருப்பு ஆகியவை அவை. வாகனங்களையும் விற்பனைப் பணத்தையும் விசாரணை நீதிமன்றம் அச்சட்டத்தின் 60 முதல் 63 வரையிலான பிரிவுகளின்கீழ்ப் பறிமுதல் செய்ய முடியும். லாபத்தில் சேர்த்த சொத்துகளுக்கு 5ஏ அத்தியாயம் என்ற தனி ஏற்பாடு உண்டு. பெரிய வழக்குகளில் அமலாக்கத் துறை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தனியே நடவடிக்கை எடுக்கிறது.

5ஏ அத்தியாயத்தின் நடைமுறை இது: காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ அதிகாரம் பெற்ற வேறொரு அதிகாரியோ சொத்தின் மூலத்தை ஆராய்ந்து அதை முடக்கலாம். அந்த ஆணையை 48 மணி நேரத்துக்குள் தகுதிவாய்ந்த அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தமிழகத்துக்கான அதிகாரி அமர்ந்திருப்பது சென்னையில். 30 நாள்களுக்குள் அவர் உறுதிசெய்யாவிட்டால் முடக்கம் செல்லாது. உறுதிசெய்தால், அது முறையான வருமானத்தில் வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு சொத்துக்காரர் தலையில் விழுகிறது. அவரால் நிரூபிக்க முடியாவிட்டால் சொத்து மத்திய அரசின் உடைமையாகிறது. அதன் பிறகும் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

தமிழகக் காவல் துறை 2021 டிசம்பரில் தொடங்கிப் பல கட்டங்களாக நடத்திய ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’யில் இந்த முடக்க அதிகாரம் பரவலாகப் பயன்பட்டது. வியாபாரியை மட்டும் பிடித்தால் அவர் பிணையில் வந்து மீண்டும் கடை விரிப்பார்; முதலீட்டைப் பிடித்தால் வியாபாரம் நிற்கும் என்ற சிந்தனை அதற்குப் பின்னால் இருந்தது. பொருளியல் நோக்கில் இது சரியான சிந்தனையே. லாபத்துக்காகச் செய்யப்படும் குற்றத்தைச் சிறைத்தண்டனை பற்றிய அச்சத்தைவிட, லாபமே மிஞ்சாது என்ற உறுதி அதிகம் தடுக்கும். ஆனால் முடக்கம் என்பது தொடக்கம்தான். முடக்கப்பட்ட கணக்குகளின் எண்ணிக்கை பெருமையோடு அறிவிக்கப்படுகிறது. அவற்றில் எத்தனை 30 நாளில் உறுதியாயின, எத்தனை இறுதியில் அரசுடைமையாயின, எத்தனை சொத்துக்காரருக்கே திரும்பின என்பதை மாவட்டவாரியாகச் சொல்லும் அறிக்கை மக்கள் பார்வைக்கு வருவதில்லை.

சட்டம் சொல்லும் பாதை

அரசுடைமையான பணம் காவல் துறையின் கைக்குப் போகிறதா? இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. இது பலர் அறியாத செய்தி. 5ஏ அத்தியாயத்தின்கீழ்க் கிடைக்கும் சொத்துகளை விற்றுவரும் தொகைக்கென்றே அச்சட்டத்தின் 7ஏ பிரிவு ‘போதைப் பழக்கக் கட்டுப்பாட்டுத் தேசிய நிதி’யை ஏற்படுத்தியிருக்கிறது. மத்திய அரசின் ஒதுக்கீடு, நன்கொடைகள், இந்த விற்பனைத் தொகை ஆகியவை அதன் வருவாய். கடத்தலை ஒடுக்குதல், போதைக்கு அடிமையானோரைக் கண்டறிதல், அவர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்தல், பொதுமக்களிடம் விழிப்புணர்வு ஊட்டுதல் ஆகியவை அதன் செலவினங்கள். கூடுதல் செயலர் நிலைக்குக் குறையாத ஒருவர் தலைமையிலான ஆட்சிக் குழு எதற்குச் செலவிடலாம் என்று ஆலோசனை கூறும்.

இதற்கு அடுத்த 7பி பிரிவு இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும், இந்த நிதியிலிருந்து எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடப்பட்டது என்ற அறிக்கையைக் கணக்கு விவரத்தோடு மத்திய அரசு அரசிதழில் வெளியிட வேண்டும் என்கிறது அது. அதாவது, நாம் கேட்கும் கணக்கைக் கேட்கும் உரிமையை 1989-லேயே நாடாளுமன்றம் நமக்குத் தந்துவிட்டது.

நடைமுறையில் இந்த நிதி மிகச் சிறியது. ரூ.23 கோடி என்ற பெயரளவு மூலதனத்தோடு தொடங்கப்பட்ட நிதி அது. நாடு முழுவதற்குமான ஏற்பாடு அது என்பதை நினைவில் கொண்டால், ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு வரும் என்பதைத் தனியே கணக்குப் போடத் தேவையில்லை. பிற வழிகளில் வரும் தொகைகள் அரசின் பொதுக் கருவூலத்தில் சேர்ந்து அடையாளம் இழக்கின்றன. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்ப் பறிமுதலான வாகனங்களை வேலூர், திருப்பத்தூர் மாவட்டக் காவல் துறையினர் அவ்வப்போது பொது ஏலத்தில் விடுகிறார்கள். ஏல அறிவிப்பு செய்தித்தாளில் வருகிறது. தொகை அரசுக் கணக்கில் கட்டப்படுகிறது. சாராயம் காய்ச்சிய மலைக்கிராமங்களின் மறுவாழ்வுக்கு அதில் எவ்வளவு போனது என்று கேட்டால், அப்படித் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதே பதிலாக இருக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-ஆம் பிரிவு, குற்றத்தில் ஈட்டிய சொத்தை மாவட்ட ஆட்சியர் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கே பகிர்ந்தளிக்க வழி செய்கிறது. ஏமாற்று நிதி நிறுவனங்களால் ஆரணியிலும் வேலூரிலும் பணத்தை இழந்தவர்களுக்கு இது நம்பிக்கை தரும் பிரிவு. போதைப்பொருள் வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர் பெயரைப் பட்டியலில் எழுத முடிவதில்லை. போதைக்கு அடிமையான இளைஞரைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கிறது. அவருடைய தாய்க்குச் சட்டத்தில் பெயரே இல்லை. கோருவதற்கு ஆளில்லாத சொத்து அரசுக்குப் போகும்.

பிடித்தவருக்கே பணம் என்றால்

காவல் நிலையங்களின் நிதி நெருக்கடியை அறிந்தவர்கள், ‘பிடித்த பணத்தில் ஒரு பங்கைக் காவல் துறைக்கே கொடுத்தால் என்ன?’ என்று கேட்கக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆம்பூரில் பிடிபட்ட ஒரு கிலோ கஞ்சாவின் மூலத்தைத் தேடி ஆந்திர மலைப்பகுதிக்கும் ஒடிசாவுக்கும் போகும் தனிப்படைக்கு வாகனம், எரிபொருள், தங்குமிடம் எல்லாம் தேவை. நிதிக்குற்றத்தைப் புரிந்துகொள்ளக் கணக்காய்வு தெரிந்தவர்கள் தேவை. தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை தாமதமானால் வழக்கே தளர்ந்துபோகும்.

ஆனால் இந்த யோசனையை அமெரிக்கா 40 ஆண்டுகளாகச் செயல்படுத்திப் பார்த்திருக்கிறது. 1984-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, மத்திய அரசுடன் சேர்ந்து நடத்தும் பறிமுதல்களில் 80 விழுக்காடு வரை உள்ளூர்க் காவல் துறையே எடுத்துக்கொள்ள அங்கே வழி பிறந்தது. பல மாநிலங்களில், உரிமையாளர் குற்றவாளி என்று தீர்ப்பாகாமலேயே அவருடைய பணத்தையும் காரையும் எடுத்துக்கொள்ள முடிந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் இத்தகைய பணத்தில் மதுபானம் கலக்கும் இயந்திரம் வாங்கியது பெரும் கேலிக்கு உள்ளானது. இண்டியானாவில் சிறிய அளவு ஹெராயின் விற்ற ஒருவரிடமிருந்து, அந்தக் குற்றத்துக்கான உச்ச அபராதமான 10,000 டாலரைப்போல நான்கு மடங்கு மதிப்புள்ள கார் பறிக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அளவுக்கு மீறிய அபராதத்துக்கு எதிரான அரசமைப்புப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நியூ மெக்சிகோ மாநிலம் 2015-லேயே குற்றத்தீர்ப்பு இல்லாத பறிமுதலை ஒழித்து, வரும் தொகையைப் பொதுக் கருவூலத்துக்குத் திருப்பிவிட்டது.

கேலிக்குரிய செலவுகளைவிட முக்கியமான பாடத்தைக் கேதரின் பெய்க்கர், மிரெய் ஜேக்கப்சன் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு தருகிறது. பறிமுதல் பணத்தில் அதிகப் பங்கு கிடைக்கும் இடங்களில் காவல் துறையினர் போதைப்பொருள் குற்றங்களின்மீது கூடுதல் கவனம் செலுத்தினார்கள். அதே நேரத்தில், காவல் துறைக்குப் பறிமுதலில் பணம் வருகிறது என்பதைக் கண்ட உள்ளாட்சி நிர்வாகங்கள், வழக்கமாகத் தரும் ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டன. ஆக, காவல் துறையின் கவனம் பணம் வரும் திசைக்குத் திரும்பியது. ஆனால் அத்துறைக்கு நிகரமாகச் சேர்ந்த தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒரு செலவுக்கென்று தனி வருவாயை ஒதுக்கும்போது, பழைய ஒதுக்கீடு ஓசையின்றிச் சுருங்குவது பொது நிதியியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட விளைவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பறிமுதல் வருவாய் ஒழுங்காக வருவதில்லை. ஓர் ஆண்டு பெரிய வழக்கு ஒன்று வரும். அடுத்த மூன்று ஆண்டுகள் எதுவும் வராது. சம்பளம், எரிபொருள் போன்ற தொடர்செலவை அதன்மேல் ஏற்றினால், காவல் நிலையம் குற்றம் குறைவதை விரும்ப முடியாத நிலைக்குத் தள்ளப்படும். காவல் பணிக்கான செலவைச் சட்டமன்றம் விவாதித்து ஒதுக்க வேண்டும். காவல் துறை மானியக் கோரிக்கையில் அதற்கு இடம் உண்டு.

நம் நாட்டிலும் ஊக்கத்தொகை அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தகவல் தருபவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மத்திய நிதியமைச்சகத்தின் நெறிமுறைகளின்படி பரிசுத்தொகை உண்டு. போதைப்பொருள் வழக்குகளில் அது கைப்பற்றப்பட்ட பொருளின் வகை, எடை, தரம் ஆகியவற்றைச் சார்ந்தது. எடையை வைத்துப் பரிசளித்தால், மூட்டையைச் சுமந்துவந்த கூலி ஆள் எளிதாகப் பிடிபடுவார். மூட்டைக்குப் பணம் போட்டவரைத் தேடுவது மாதக்கணக்கில் வங்கிக் கணக்குகளையும் பத்திரப் பதிவுகளையும் புரட்டும் வேலை. அதற்கு உரிய மதிப்பைப் பரிசு முறையிலும் பதவி உயர்விலும் கொடுத்தால், காவல் துறைக்குப் பங்குப்பணம் கொடுக்காமலேயே ஊக்கம் கொடுக்க முடியும்.

முடக்கத்தின் மறுபக்கம்

கடுமையான அதிகாரம் தவறான இடத்திலும் விழக்கூடும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. கூலி வங்கிக் கணக்கில் வருகிறது. சட்டம் குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் பெயரிலுள்ள சொத்தையும் ஆராய அனுமதிக்கிறது. உண்மையான வியாபாரிகள் மனைவி பெயரிலும் தாய் பெயரிலும் சொத்து வாங்குவதால் அந்த அதிகாரம் தேவையே. ஆனால் மகன் செய்த குற்றத்துக்காகத் தாயின் சம்பளக் கணக்கு முடங்கினால், பணம் உழைத்து வந்தது என்று நிரூபிக்க அவர் சென்னைக்குப் போய் வாதாட வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து, வழக்கறிஞருக்கும் கொடுத்துப் போராட எத்தனை பேரால் முடியும்? இத்தகையோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தானாக முன்வந்து உதவுவதைக் கட்டாயமாக்க வேண்டும். முடக்க ஆணையின் நகலோடு, இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற தமிழ்க் குறிப்பையும் இணைத்துக் கொடுப்பதில் அரசுக்குச் செலவு ஒன்றுமில்லை.

வாகனங்களின் கதி வேறு. காவல் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடக்கும் இரு சக்கர வாகனங்கள் யாருக்கும் பயன்படுவதில்லை. நான்கு ஆண்டு கழித்து ஏலம் விட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும். உரிமையாளர் நிரபராதி என்று தீர்ப்பானால் அவருக்கும் இழப்பு. குற்றவாளி என்று தீர்ப்பானால் அரசுக்கு இழப்பு. போதைப்பொருள் வழக்கில் சிக்கிய வாகனத்தை விசாரணைக் காலத்தில் நிபந்தனையோடு விடுவிக்க இச்சட்டத்தில் தடை இல்லை என்று 2025 ஜனவரியில் பிஸ்வஜித் தே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. கீழமை நீதிமன்றங்களும் காவல் துறையும் இதை விரைந்து பயன்படுத்த வேண்டும்.

சட்டத்தின் எல்லையையும் மறக்கக் கூடாது. 5ஏ அத்தியாயம் பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குத்தான் பொருந்தும். ஒரு கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்து பிடிபடும் சில்லறை விற்பனையாளர் அதற்குள் வரமாட்டார். இளைஞர்களிடையே பரவிய டேபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளும் இச்சட்டத்தின் பட்டியலில் நீண்ட காலம் இடம்பெறாமலேயே இருந்தன. அத்தகைய வழக்குகளில் விற்பனையாளர் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும், இந்த அத்தியாயத்தைக் கொண்டு அவர் சொத்தைத் தொட முடியாது. முடக்க எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் போதைச் சந்தை ஒடுங்கிவிட்டதாக முடிவுசெய்வது தவறாகும்.

தோல் வட்டாரம் முன்பே கண்ட பாடம்

பாதிக்கப்பட்டவர்களின் பெயரால் பணம் வசூலித்து, அதை அவர்களிடம் சேர்க்க மறந்த அனுபவம் இந்த மண்ணுக்கு உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகளின் மாசு குறித்து வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஒவ்வோர் ஆலையும் ரூ.10,000 அபராதத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் செலுத்த வேண்டும். அது சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியாகத் தனியே வைக்கப்பட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடாகவும் கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்கவும் பயன்பட வேண்டும் என்றது.

கோட்பாடு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதை நிறைவேற்ற அமைக்கப்பட்ட சூழலிழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் 547 ஆலைகள், 29,193 பேருக்குச் சுமார் ரூ.26.82 கோடி வழங்க வேண்டும் என்று முடிவுசெய்தது. கால் நூற்றாண்டு நெருங்கிய பின்னும் வழக்கு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், இன்னும் தொகை கிடைக்காதவர்களுக்கு மாநில அரசே ஆறு வாரங்களில் கொடுத்துவிட்டுப் பின்னர் ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. பாலாற்றங்கரையில் கிணறு உப்பான உழவர்களில் பலர் அந்த ஆணையைக் காண உயிரோடு இல்லை.

போதைப்பொருள் பணத்துக்கும் இதற்கும் சட்டத்தில் தொடர்பில்லை. தீங்கு செய்து லாபம் ஈட்டியவரிடமிருந்து பணத்தை வாங்கி, தீங்கின் விளைவைச் சரிசெய்யச் செலவிட வேண்டும் என்ற நெறி இரண்டுக்கும் பொது. 1996 தீர்ப்பு கற்றுத்தருவது, நிதியை உருவாக்குவதோடு வேலை முடிவதில்லை என்பதைத்தான். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற பட்டியலும், அதைக் கேட்டு வாங்கும் உள்ளூர்க் குழுவும் இல்லாவிட்டால் நிதி கோப்புக்குள்ளேயே தங்கிவிடும்.

எங்கே செலவிடலாம்?

அதே 1996-இல், மாஃபியா கும்பல்களிடமிருந்து பறித்த சொத்துகளைச் சமூகப் பயன்பாட்டுக்குத் திருப்பும் சட்டத்தை இத்தாலி இயற்றியது. பத்து லட்சம் பேர் கையெழுத்திட்ட கோரிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. கும்பல் தலைவரின் மாளிகை நகராட்சியின் சமூகக் கூடமாகவும், அவருடைய நிலம் கூட்டுறவுச் சங்கத்தின் பண்ணையாகவும் மாறின. ஸ்காட்லாந்து 2008 முதல் குற்றவாளிகளிடமிருந்து மீட்ட பணத்தை இளைஞர்களுக்கான விளையாட்டு, கலை, வேலைப்பயிற்சித் திட்டங்களுக்குத் திருப்பிவருகிறது. இரண்டிலும் சொத்தைப் பிடித்த துறை அதைச் செலவிடும் துறையாக இல்லை; ஆனால் அது எங்கே போனது என்பதை ஊரார் கண்ணால் பார்க்க முடிகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இந்தப் பணத்துக்கு இரண்டு அவசர வேலைகள் காத்திருக்கின்றன. முதலாவது சிகிச்சை. 2019-இல் வெளியான மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருப்பதாகக் கூறியது. சட்டபூர்வமாக விற்கப்படும் மதுவுக்கே இந்த நிலை என்றால், வெளியே சொல்ல அஞ்சும் கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் அடிமையானோர் சிகிச்சையைத் தேடி வருவது இன்னும் கடினம். தமிழக அரசு 2025-இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வரும் இளைஞருக்கும், அவரை அழைத்துவரும் தாய்க்கும் மாலை நேரத்தில் திறந்திருக்கும் ஆலோசனை மையங்கள் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தொழில் நகரங்களில் வேண்டும். உளவியல் ஆலோசகரின் ஊதியம் அரசின் வழக்கமான ஒதுக்கீட்டிலிருந்து வரட்டும். கட்டடம், கருவிகள், பயிற்சி, பள்ளி விழிப்புணர்வு போன்ற ஒருமுறைச் செலவுகளைப் பறிமுதல் நிதி ஏற்கலாம்.

இரண்டாவது, தகவல் தருவோரின் உயிர். 2021 செப்டம்பர் 10 அன்று வாணியம்பாடியில் முன்னாள் நகர்மன்ற உறுப்பினர் வசீம் அக்ரம், தொழுகை முடித்து வீடு திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். கஞ்சா விற்பனை குறித்துக் காவல் துறைக்குத் தகவல் தந்ததே கொலைக்குக் காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின. தகவலின் மூலத்தை வெளியிடுமாறு அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொல்கிறது. சிறிய ஊரில் யார் சொன்னது என்பது எழுதப்படாமலேயே தெரிந்துவிடும். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம், அதற்கென ஒரு நிதியை மாநிலங்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. போதை வியாபாரியிடமிருந்து பறித்த பணத்தில் ஒரு பகுதி, அவரைக் காட்டிக்கொடுத்தவரின் பாதுகாப்புக்குப் போவதைவிடப் பொருத்தமான செலவு எது? ஊரில் ஒருவர் தைரியமாகப் பேசிவிட்டுப் பத்திரமாக வாழ்ந்தால்தான் அடுத்தவர் பேசுவார்.

கேட்க வேண்டியவை

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்கு செயல்களை இப்போதே தொடங்கலாம். ஒன்று, 7பி பிரிவின்படியான ஆண்டறிக்கையை மத்திய அரசு உரிய காலத்தில், எளிதில் கிடைக்கும் வடிவில், மாநிலவாரி வரவு செலவோடு வெளியிட வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடமை. இரண்டு, ஒவ்வொரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகமும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே பக்க அறிக்கை வெளியிட வேண்டும். அதில் முடக்கியவை, உறுதியானவை, அரசுடைமையானவை, திருப்பித் தரப்பட்டவை, ஏலத்தில் வந்த தொகை என ஐந்து எண்கள் போதும். தனிநபர் பெயர் எதுவும் தேவையில்லை. மூன்று, மதுவிலக்கு வாகன ஏலம் உட்பட மாநிலக் கருவூலத்துக்கு வரும் தொகைக்குத் தனிக் கணக்குத் தலைப்பு உருவாக்கி, அதற்கு இணையான தொகையைப் போதை மீட்புக்கு ஒதுக்கித் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். வழக்கமான ஒதுக்கீடு அதனால் குறையவில்லை என்பதையும் தணிக்கை பார்க்க வேண்டும். நான்கு, ஆட்சியர் தலைமையில் மருத்துவத் துறை, சமூக நலத் துறை, தொழிலாளர் பிரதிநிதிகள், பெண்கள் சுய உதவிக் குழுக்கள் கொண்ட மாவட்டக் குழு தேவைப் பட்டியலைத் தயாரித்து, தேசிய நிதிக்குத் திட்டமாக அனுப்ப வேண்டும். கேட்காத மாவட்டத்துக்கு டெல்லியிலிருந்து தானாகப் பணம் வராது. அக்குழுவில் காவல் துறை உறுப்பினராக இருக்கலாம். செலவை முடிவுசெய்யும் கை அதனுடையதாக இருக்கக் கூடாது.

இவற்றால் வரும் தொகை பெரிதாக இராது என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் தொகையின் அளவைத் தாண்டியும் கணக்கு வெளிப்படுவதற்குப் பயன் உண்டு. எத்தனை முடக்கங்கள் இறுதியில் நிலைத்தன என்று தெரிந்தால், காவல் துறையின் உழைப்பில் எது பலித்தது, எது வெறும் எண்ணிக்கை என்பது தெரியும். திருப்பித் தரப்பட்டவை மிகுதியானால், அதிகாரம் தவறாகப் பயன்படுகிறதா, விசாரணை பலவீனமாக இருக்கிறதா என்று கேட்க முடியும். நேர்மையாக உழைக்கும் அதிகாரிக்கும் அந்த அறிக்கையே சான்றாக நிற்கும். அடுத்த முறை கஞ்சா பிடிபட்ட செய்தியை வாசிக்கும்போது, ‘எவ்வளவு பிடித்தார்கள்?’ என்பதோடு, ‘சென்ற ஆண்டு பிடித்தது என்ன ஆயிற்று?’ என்றும் நம் மன்றங்களிலும் உள்ளாட்சிக் கூட்டங்களிலும் கேட்கத் தொடங்குவோம்.

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்